வெட்டாத ஒலி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடிய ஒலிக்கலைஞர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்பின் ‘கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்’ என்ற ஒலிப்படைப்பைக் கேட்டேன். மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. கடற்கரை ஒலிக்கு மேல் அவரே பேசுகிறார். நகர இரைச்சலை ஃபில்டர் போட்டு அகற்றுகிறார். இது பொய்யில்லையா? எங்கள் ஊர்க் குளக்கரையை எதையும் வெட்டாமல், உள்ளது உள்ளபடி பதிவுசெய்ய ஆசை. எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ரெக்கார்டருக்குக் கடைக்காரரைக் கேளுங்கள். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை மட்டும் மறக்காதீர்கள், குளக்கரைக் காற்று பொல்லாதது.

ஆனால் அந்த ‘உள்ளது உள்ளபடி’ கொஞ்ச நாளாக என்னையும் அரித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டை ஒட்டி ரைஸ் மில். பட்டை ஓடினால் திண்ணை அதிரும். அந்தச் சத்தத்திலும் அப்பாயிக்குக் கொட்டகையில் கன்று கயிற்றை இழுப்பது கேட்டுவிடும். ஒருநாள் அவள் தாலாட்டுப் பாட, சித்தப்பா டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார். போட்டுப் பார்த்தால் முழுக்கத் தடதடப்பு, அதற்குள் எங்கோ அவள் குரல். அப்பாயி கேட்டாள்: “ஏண்டா, அப்ப மில்லு ஓடிக்கிட்டா இருந்துச்சு?”

மைக் எதையும் விடாமல் அள்ளும். காது விட்டுவிட்டுத்தான் கேட்கும். எனவே, நீங்கள் உண்மை என்று கொண்டாடும் அந்த வெட்டாத பதிவு, அங்கே நின்ற எவர் காதிலும் அப்படி விழுந்ததே இல்லை. மைக்கை எங்கே வைப்பது, எப்போது பொத்தானை அழுத்துவது என்று முடிவுசெய்தபோதே பாதியை வெட்டியாகிவிட்டது. பிரெஞ்சு இசையமைப்பாளர் லுக் ஃபெராரி அன்றைய யூகோஸ்லாவியாவின் வேலா லூக்கா என்ற மீனவ ஊரில் ஜன்னலில் மைக் வைத்துப் பதிந்த ‘ப்ரெஸ்க் ரியான்’ என்ற ஒலிப்படைப்பு 1970இல் வெளிவந்தது. ஏதோ ஒரு விடியலை அப்படியே எடுத்தது போலிருக்கும். பல விடியல்களை ஒட்டிச் சுமார் இருபது நிமிடத்தில் அடைத்திருக்கிறார். எந்த ஊரில் இருபது நிமிடத்தில் விடிகிறது?

வெஸ்டர்காம்ப் தான் வெட்டுவதை மறைக்கவே இல்லை. 1989இல் செய்த படைப்பு. வான்கூவர் கடற்கரைப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு என்ற சின்ன ஓட்டு உயிரினங்களின் மெல்லிய சடசடப்பு, பின்னால் நகரத்தின் உறுமல். முதலில் நகரத்தை வேண்டுமென்றே சத்தமாக்கி, இப்படியும் உங்களை ஏமாற்றலாம் என்கிறார். பிறகு, இதோ அகற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு அகற்றுகிறார். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்பவரையா பொய் சொல்கிறார் என்கிறீர்கள்? அவர் குரல் இல்லாவிட்டால்தான் ஏமாந்திருப்பீர்கள்.

பத்து நிமிடப் படைப்பில் மூன்றைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வேறு! கடைசியில் நகரம் திரும்ப வருகிறது ஐயா. உறுமுகிறது, ஆனாலும் அந்தச் சின்ன ஒலிகள் அதில் மூழ்குவதில்லை. அதுவரை உட்காரப் பொறுமை இல்லாதவர் குளக்கரையில் என்ன கேட்டுவிடப் போகிறார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காலத்தில் குளத்தின் சத்தத்துக்காக மெனக்கெட ஒருவர் இருப்பதே எனக்குச் சந்தோஷம். பதிவு செய்ததும் அனுப்புங்கள். வெட்டாதது ஒன்று, நீங்கள் கேட்டபடி வெட்டியது ஒன்று, இரண்டும் வேண்டும்.