பைத்தானுக்கு மூச்சு இரைக்குது, பால் குடுக்கலாமா?

கேள்வி: என் பையனுக்கு பெங்களூருல வேலை கெடச்சு போயிட்டான், அவன் வளர்த்த பால் பைத்தான் (Ball Python, ஒரு வகை மலைப்பாம்பு) இப்போ என் பொறுப்புல இருக்கு. நாலு வயசாகுது. அவன் ரூம்லயேதான் டேங்க் இருக்கு, ராத்திரி என் வீட்டுக்காரர் அங்க படுக்கிறதால ஏசி ஓடும். டேங்குக்கு அடியில இருக்கிற ஹீட்டிங் மேட்டை கரண்டுக்கு பயந்து நான் ராத்திரில ஆஃப் பண்ணிடுவேன். ஒரு மாசமா எலி போட்டா தொடவே மாட்டேங்குது. இப்போ ரெண்டு மூணு நாளா மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வருது, மூக்கு ஓரத்துல நுரை, தலையை மேல தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கு. பக்கத்து வீட்டம்மா மஞ்சள் கலந்து பால் ஊத்தச் சொல்றாங்க. ஊத்தலாமா? மொதல்ல இதைப் பார்த்தாலே பயமா இருக்கும், இப்போ பாவமா இருக்கு.
– வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: அம்மா, பால் வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு கூட வேண்டாம். பாலை ஜீரணிக்கிற உடம்பே பாம்புக்கு கெடையாது, அதைவிட முக்கியம், பாம்போட மூச்சுக்குழல் வாய் இருக்கே அது நாக்குக்கு பக்கத்துலயே, வாயோட தரையில முன்னாடியே திறந்திருக்கும், அதனால நீங்க வாய்ல எதை ஊத்தினாலும் அது நேரா நுரையீரலுக்குப் போறதுக்குதான் வாய்ப்பு அதிகம். ஏற்கனவே சளி கட்டியிருக்கிற நுரையீரல் அது. மஞ்சள், துளசிச்சாறு, நம்ம குழந்தைங்களுக்கு குடுக்கிற இருமல் சிரப், விக்ஸ் போட்டு ஆவி பிடிக்கிறது, இது எதுவும் வேண்டாம். அக்கறையோடதான் சொல்லியிருப்பாங்க, ஆனா இந்த உடம்புக்கு ஒத்து வராது.

நீங்க எழுதின அறிகுறிகளைப் பார்த்தா இது மூச்சுப்பாதை தொற்று மாதிரிதான் தெரியுது. பாம்புக்கு நமக்கு இருக்கிற மாதிரி உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசை, கெடையாது, அதால இருமி சளியை வெளிய தள்ள முடியாது. உள்ள சேர்ற சளி உள்ளயே தேங்கிடும், அதனாலதான் தலையை மேல தூக்கி வெச்சு காத்து போக வழி தேடுது. அது திமிர்லயோ கோபத்துலயோ தூக்குறது இல்லம்மா, மூச்சுக்காக தூக்குது. இது தானா சரியாகும்னு காத்திருக்கிற நோய் இல்ல, இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டணும். வாயைத் திறந்தே வெச்சிருந்தாலோ, வாய் உள்பக்கம் வெளிறியோ நீலமாவோ தெரிஞ்சாலோ, மஞ்சள் சீழ் மாதிரி வந்தாலோ, புரட்டிப் போட்டா திரும்பி வராம தளர்ந்து கெடந்தாலோ இன்னைக்கே கெளம்பிடுங்க.

ஆனா டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி இப்பவே, இதைப் படிச்சு முடிச்ச கையோட செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. சூடு. இந்தப் பாம்பு மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்துது, கானா, டோகோ, பெனின் மாதிரி வெயில் ஊர்கள்ல இருந்து வந்த இனம். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்க முடியாத ஜீவன், வெளிய எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதோட எதிர்ப்பு சக்தி, ஜீரணம், மருந்து வேலை செய்ற வேகம் எல்லாமே. ஏசி 24ல ஓடுற ரூம்ல, அடியில மேட்டும் இல்லாம, மார்கழி ராத்திரியில அது கெடந்தா கிருமிக்கு கொண்டாட்டம், அதோட உடம்புக்கு எதிர்த்து நிக்கத் தெம்பு இருக்காது. உங்களைக் குறை சொல்ல வரல, கரண்ட் பயம் நியாயமான பயம்தான். அதுக்குத்தான் தெர்மோஸ்டாட்னு ஒரு சின்ன கருவி இருக்கு, மேட்டோட வயரை அதுல மாட்டிட்டா குறிச்ச சூடு வந்ததும் தானா நிறுத்திடும், சூடு குறைஞ்சா தானா போடும். அது இல்லாம மேட்டை விட்டு வைக்கக் கூடாது, பாம்புக்கு அடி வயிறு வெந்து போறதும் உண்டு, அதுக்கு சுடறது சட்டுன்னு தெரியாது.

டேங்க்ல ஒரு பக்கம் 31லேருந்து 32 டிகிரி, மறுபக்கம் 27க்குக் கீழ போகாம, ராத்திரியும் அதேதான். இதை கையை வெச்சுப் பார்த்து சொல்ல முடியாது, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு, வயர் நுனியில சென்சர் இருக்குமே அது, ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணு ஒண்ணு வாங்குங்க, விலை ரொம்ப இல்ல. சூடான பக்கம் 35ஐத் தாண்டவும் விடாதீங்க. ஏசியை அந்த ரூம்ல நிறுத்துங்க, இல்லன்னா டேங்கை ஹாலுக்கு மாத்துங்க, வெயில் நேரா படாத இடமா. கரண்ட் போயிட்டா பாட்டில்ல வெந்நீர் ஊத்தி துண்டுல சுத்தி ஒரு ஓரமா வைக்கலாம், பாம்பு விலகிப் போக மறுபக்கம் இடம் இருக்கணும். ஏசி காத்து ஈரத்தை உறிஞ்சிடும், காத்துல ஈரப்பதம் 55, 60 சதவீதம் இருந்தா போதும், சொட்ட சொட்ட ஈரமா வைக்கவும் வேண்டாம், தரை ஈரமா இருந்தா வயிற்றுத்தோல் புண்ணாகும்.

தரையில மரத்தூளோ மண்ணோ போட்டிருந்தா எல்லாத்தையும் எடுத்துட்டு நியூஸ்பேப்பர் விரிங்க. தூசு இல்ல, தினம் மாத்தலாம், நுரையும் கழிவும் கண்ணுக்குத் தெரியும். கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே, இதெல்லாம் அந்த ரூம் பக்கமே வேண்டாம். ஒளிஞ்சுக்க ரெண்டு பக்கமும் ஒரு பெட்டி வைங்க, தலைகீழா கவுத்த பிளாஸ்டிக் டப்பாவுல ஓட்டை போட்டாலும் சரி, மறைவு இல்லாத பாம்பு பயத்துலயே சோர்ந்து போகும்.

அப்புறம் சாப்பாடு. இதுல உங்க மனசு ரொம்ப கஷ்டப்படுதுன்னு கடிதத்துலயே தெரியுது, ஒரு மாசமா பட்டினின்னா தாய் மனசு துடிக்கத்தான் செய்யும். ஆனா நல்லா வளர்ந்த பால் பைத்தான் மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கும், ஆரோக்கியமா இருக்கும்போதே அப்படி இருக்கும். இப்போ எலி குடுக்காதீங்க, கட்டாயப்படுத்தி வாய்ல திணிக்கவே கூடாது. சூடு இல்லாத வயித்துல எலி அழுகிடும், கக்கிடும், கக்கினா இன்னும் பலவீனம். முக்கியமா உயிருள்ள எலியை டேங்க்ல விட்டுட்டு நகராதீங்க, சோர்ந்து கெடக்கிற பாம்பை எலி கடிச்சுப் புண்ணாக்கிடும். அதுக்குப் பதிலா கிச்சன் தராசுல வாரம் ஒரு தடவை எடை போட்டு தேதியோட எழுதி வைங்க. பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சா அது டாக்டர் கவனிக்க வேண்டிய விஷயம், அதுவரைக்கும் பட்டினியை நெனச்சு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. தண்ணி மட்டும் எப்பவும் சுத்தமா இருக்கணும்.

டாக்டர் விஷயம் சொல்றேன். நாய் பூனை பார்க்கிற எல்லாரும் பாம்பு பார்க்க மாட்டாங்க, அதனால போன்ல மொதல்லயே "பாம்பு பார்ப்பீங்களா, எக்ஸாடிக் பெட்ஸ் டாக்டர் இருக்காங்களா"ன்னு கேட்டுட்டுப் போங்க. வேப்பேரியில இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் விசாரிங்க. பாம்பு பிடிக்கிறவங்ககிட்ட கொண்டு போறது சரியில்ல, அவங்க திறமை வேற, வைத்தியம் வேற. கொண்டு போக பாம்பை ஒரு தலையணை உறைக்குள்ள விட்டு, உறையோட வாயைக் கட்டி, காத்து ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வைங்க, கூடவே துண்டு சுத்தின வெந்நீர் பாட்டில், கார்ல போனா ஏசி வேண்டாம்.

அங்க வாய்ல இருந்தோ மூச்சுக்குழல்ல இருந்தோ சாம்பிள் எடுத்து எந்தக் கிருமின்னு பார்க்கலாம், எக்ஸ்ரே எடுக்கலாம், நெபுலைசர் வெக்கலாம். ஊசி பெரும்பாலும் உடம்போட முன்பக்கத்துலதான் போடுவாங்க, பின்பக்கம் போட்டா மருந்து உடம்புல பரவுறதுக்கு முன்னாடியே சிறுநீரகத்துக்குப் போயிடலாம்னு ஒரு எச்சரிக்கை. செஃப்டாசிடிம் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்து மூணு நாளைக்கு ஒரு தடவைதான், அதனால நம்ம கணக்குல ரொம்ப மெதுவா போற மாதிரி தெரியும், வாரக்கணக்குல ஆகும். நடுவுல சத்தம் நின்னு போச்சேன்னு ஊசியை நிறுத்திடாதீங்க, பாதியில விட்ட நோய் திரும்பி வந்தா அதே மருந்து கேக்காது. மருந்து முழுசா குடுத்தும் திரும்பத் திரும்ப வந்தா வைரஸ் இருக்கலாம், நிடோவைரஸ்னு ஒண்ணை 2014லதான் பைத்தான்கள்ல கண்டுபிடிச்சாங்க, அதைப் பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க. தோல்ல, கண்ணைச் சுத்தி கருப்பு மிளகுத்தூள் மாதிரி நகர்ற புள்ளி இருந்தா அது உண்ணி, அதையும் காட்டணும். தொட்ட ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு கையைக் கழுவுங்க, பாம்புகள்கிட்ட சால்மோனெல்லா கிருமி இருக்கும், வீட்டுல சின்னக் குழந்தையோ வயசானவங்களோ இருந்தா இன்னும் கவனமா இருக்கணும். அந்த கிச்சன் தராசை சமையலுக்கு எடுக்காதீங்க, பாம்புக்குன்னே தனியா வைங்க.

உங்க பையன்கிட்ட ஒரு விஷயம் கண்டிப்பா கேட்டுக்கோங்க. இந்த மாதிரி வெளிநாட்டு இனங்களை வளர்க்கிறவங்க மத்திய அரசோட 2024 விதிகள்படி பரிவேஷ்ங்கிற அரசு இணையதளத்துல பதிவு பண்ணியிருக்கணும், அந்த காகிதம் உங்க கையில ஒரு காப்பி இருக்கட்டும். நம்ம ஊர் சாரையோ மண்ணுளியோ வீட்டுல வெச்சிருக்கிறது குத்தம், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வரும், அதெல்லாம் வளர்க்கிற பேச்சே கெடையாது.

சத்தமும் நுரையும் நின்னு, டாக்டர் போதும்னு சொன்னதுக்கு அப்புறம் ஒரு வாரம் சும்மா விடுங்க. மொதல் எலி வழக்கமா தர்றதுல பாதி சைஸ், கொன்னது, வெதுவெதுன்னு பண்ணி நீளமான இடுக்கியில, சாயங்காலம் இருட்டின அப்புறம். எடுக்கலன்னா ராத்திரியே எடுத்துப் போட்டுட்டு அடுத்த வாரம் பார்க்கலாம். முழுங்கினா ரெண்டு நாள் கையில எடுக்காதீங்க, ஒருவேளை கக்கிட்டா ரெண்டு வாரம் எதுவும் குடுக்காம டாக்டருக்கு போன் பண்ணுங்க.