டிஎல்சி விற்கும் கேமை வாங்க மனம் வருமா?

கேள்வி: "இப்போது வெளியாகும் பெரிய வீடியோ கேம்கள் எல்லாவற்றிலும் டிஎல்சி என்று சொல்லித் தனியாகக் காசு கேட்கிறார்கள். இதனாலேயே கேமை வாங்காமல் விடுபவர்கள் உண்டா? டிஎல்சி வருகிறது என்பதற்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்களா?"

இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். நான் ஒருத்தியே இரண்டு வகையிலும் சேர்த்தி. ஒரு கேமை அதன் டிஎல்சிக்காகவே, அதாவது பின்னால் பதிவிறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதிக்காகவே, வாங்கினேன். வேறொரு வெளியீட்டாளரின் கேம்களை டிஎல்சி காரணமாகவே வெளியான நாளில் தொடுவதில்லை. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், புதிதாக வந்த ஒரு கேமைச் சாதாரணப் பதிப்பாக வாங்குவதா, சீசன் பாஸ் (இனி வரவிருக்கும் டிஎல்சிகளுக்கு முன்கூட்டியே மொத்தமாகக் கட்டும் பணம்) சேர்ந்த விலை கூடிய பதிப்பாக வாங்குவதா என்ற யோசனையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பின்னாளில் பதிவிறக்கிக்கொள்ளும்படி கூடுதல் கதையோ, வரைபடமோ, பாத்திரமோ விற்கப்படுவது மட்டும் யாரையும் விரட்டுவதில்லை. முதலில் கொடுத்த பணத்துக்கு முழுமையான ஒரு கேம் கைக்கு வந்ததா, இல்லை ஒரு பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத்தான் விற்றார்களா என்ற சந்தேகமே விரட்டுகிறது. அந்தச் சந்தேகம் விழுந்துவிட்டால் அந்தக் கேமோடு நிற்பதில்லை. அதே பெயரோடு வரும் அடுத்த கேம் வரைக்கும் கூடவே வருகிறது.

எங்கள் வீட்டில் அது விழுந்த கதையைச் சொல்கிறேன். நானும் என் தம்பியும் கோயம்புத்தூரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கன்சோல் இருவருக்கும் பொது. புதிய கேம் ஒன்று வெளியாகும்போது நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் என்று விலை வைப்பதால், பழைய டிஸ்க் வாங்கி விளையாடி, முடிந்ததும் அதைக் கொடுத்து வேறு வாங்குவது எங்கள் வழக்கம். அப்படி ஒருநாள் ஒரு கேமின் 'முழுப் பதிப்பு' கடையில் கிடைத்தது. பெட்டியின் முன்பக்கத்திலேயே, அதுவரை வந்த விரிவாக்கங்கள் (பெரிய டிஎல்சிகள்) எல்லாம் இதில் அடங்கும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. சாதாரணப் பதிப்பைவிட விலை கூடுதல்தான் என்றாலும், எல்லாமே இருக்கிறதே என்பதற்காக அதையே எடுத்தோம். (பணம் கொடுத்தது நான், கேமைப் பற்றிக் கேள்வி கேட்டதும் நான், கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் என் தம்பியைப் பார்த்து. கேம் கடைக்குப் போகும் எந்தப் பெண்ணும் இதை அறிவாள். இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே டிஸ்க்கும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. விரிவாக்கங்கள் டிஸ்க்கில் இல்லை. சீட்டிலுள்ள குறியீட்டை இணையக் கடையில் பதிந்தால்தான் அவை இறங்கும். கன்ட்ரோலரில் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அதைத் தட்டச்சு செய்து முடித்தபோது, இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று திரையில் வந்தது. பெட்டியின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில், குறியீடு ஒருமுறைக்கு மட்டுமே செல்லும் என்ற வரி இருந்தது. மறுநாள் கடையில் கேட்டபோது, "கோடு எல்லாம் ஒரு தடவைதாங்க வேலை செய்யும், முதல்ல வாங்குனவரு போட்டிருப்பாருங்க. டிஸ்க்கு ஓடுதுல்லங்க?" என்றார் கடைக்காரர். டிஸ்க் ஓடத்தான் செய்தது. ஆனால் நாங்கள் கூடுதல் பணம் கொடுத்தது பெட்டியின் மேலிருந்த அச்சுக்குத்தான் என்று ஆனது.

அதோடு முடியவில்லை. அந்தக் கேமின் வரைபடத்தில் விரிவாக்கத்துக்குரிய நிலப்பகுதி முதல் நாளிலிருந்தே கண்ணில் படும், ஆனால் உள்ளே போக முடியாது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்ததால், சீசன் பாஸை இணையக் கடையில் தனியாகவே வாங்கினேன். பணம் போனது, இரவெல்லாம் பதிவிறக்கம் நடந்தது, காலையில் 'வாங்கப்பட்டது' என்று பட்டியலிலும் காட்டியது. கேமுக்குள் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. டிஸ்க் பெட்டியின் முதுகில், அதாவது அடுக்கி வைத்தால் தெரியும் ஒடுங்கிய பக்கத்தில், நான்கு எழுத்துகளும் ஐந்து எண்களும் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இணையக் கடையின் பக்கத்திலிருந்த குறியீட்டோடு ஒப்பிட்டபோதுதான் காரணம் தெரிந்தது: எழுத்துகள் ஒன்றே, எண்கள்தான் வேறு. எங்கள் டிஸ்க் வேறொரு நாட்டுச் சந்தைக்காக அச்சடிக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது. கேம் எந்த நாட்டில் வாங்கிய கன்சோலிலும் ஓடும். ஆனால் அதற்கான டிஎல்சி அதே பகுதியின் கணக்கிலிருந்து வாங்கியதாக இருந்தால்தான் சேரும். வாடிக்கையாளர் சேவையில் இதை எழுதிக் கேட்டதற்கு, பதிவிறக்கம் தொடங்கிவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று பதில் வந்தது. "விடுக்கா, வேற விளையாடிக்கலாம்" என்றான் தம்பி. அவன் விட்டுவிட்டான்; எனக்கு விட முடியவில்லை.

இதைப் படித்ததும், பழைய டிஸ்க் வாங்கியவர்களுக்குப் புகார் சொல்ல என்ன உரிமை, அந்தப் பணத்தில் ஒரு காசு கூட உருவாக்கியவர்களுக்குப் போகவில்லையே என்று சிலர் எழுதுவார்கள். அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் திருட்டுப் பிரதி விளையாடுகிறவள் அல்ல, அந்த டிஸ்க்குக்கு முதலில் ஒருவர் முழு விலை கொடுத்திருக்கிறார், அவர் தன் பொருளை விற்றார், நான் வாங்கினேன். விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதையும் கணக்குப் பார்த்துத்தான் நம் ஊரில் பலர் புதிய டிஸ்க்குக்கே அவ்வளவு விலை கொடுக்கிறார்கள். குறியீட்டுச் சீட்டு அந்த மறுவிலையை அறுத்துவிடுகிறது. ஆகவே பழையது வாங்குபவரின் விருப்பத்தோடு சேர்த்துப் புதியது வாங்குபவரின் விருப்பத்தையும் குறைக்கிறது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2010-இல் 'ஆன்லைன் பாஸ்' என்ற பெயரில், பழைய பிரதி வாங்கியவர்கள் இணையவழி விளையாட 10 டாலர் கட்ட வேண்டும் என்று கொண்டுவந்த முறை இதே நோக்கம் கொண்டதுதான். அதை, ஆட்டக்காரர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2013-இல் அவர்களே கைவிட்டார்கள்.

சந்தேகம் எப்படிப் பிறக்கிறது என்பதற்குப் பழைய உதாரணங்கள் போதும். 2006 ஏப்ரலில் ஆப்லிவியன் கேமுக்குக் குதிரைக் கவசம் என்று 2.50 டாலருக்கு ஒன்றை விற்றார்கள். இன்று வரை அதன் பெயர் கேலிக்குப் பயன்படுகிறது. ஆனால் அதே கேமுக்கு அடுத்த ஆண்டு வந்த ஷிவரிங் ஐல்ஸ் என்ற பெரிய விரிவாக்கத்தை, அதைவிடப் பல மடங்கு விலை இருந்தும், ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆக, கோபம் பணம் கேட்டதற்காக மட்டும் வருவதில்லை. 2012 மார்ச்சில் மாஸ் எஃபெக்ட் 3 வெளியான அதே நாளில், கதையின் மூலத்தோடு தொடர்புள்ள பழம்பெரும் இனத்தைச் சேர்ந்த ஜாவிக் என்ற பாத்திரத்தை 10 டாலர் டிஎல்சியாக வைத்தார்கள். மூன்று பாகங்களாக அந்த இனத்தைப் பற்றியே கேள்விப்பட்டு வந்தவர்களிடம், அதில் உயிரோடு எஞ்சிய ஒருவரைப் பார்க்கத் தனிக் கட்டணம் என்றால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்? அதே மாதம் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனில் இன்னும் மோசம். கூடுதல் வீரர்கள் 12 பேர் டிஸ்க்கிலேயே பூட்டப்பட்டுக் கிடந்தார்கள். பின்னர் பணம் கட்டினால் திறக்கும் சாவியைத்தான் விற்பதாக இருந்தார்கள். டிஸ்க் என் அலமாரியில், அதற்குள் இருக்கும் பொருள் என்னுடையது இல்லை என்பதை எந்த வாங்குபவரும் மன்னிப்பதில்லை.

கேம் தயாரிப்புச் செலவு ஏறிவிட்டது, அடிப்படை விலை மட்டும் அப்படியே நின்றால் நிறுவனம் எப்படிப் பிழைக்கும் என்பது நியாயமான கேள்வி. அதை நான் மறுக்கவில்லை. விட்சர் 3 கேமை 2015 மே மாதம் வெளியிட்ட சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம், சிறு சிறு கூடுதல்கள் 16-ஐ அனைவருக்கும் இலவசமாகவே கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனையும், 2016 மே மாதம் ப்ளட் அண்ட் வைனையும் விலைக்கு விற்றது. பின்னது ஒரு புதிய நாட்டையே தந்தது. பல கேம்களின் முழு நீளத்துக்கு ஈடாக அதில் விளையாட இருந்தது. எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் முழுமையாக வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2024 ஜூனில் வந்த அதன் ஒரே பெரிய விரிவாக்கம் 40 டாலர் விலையிலும் மூன்றே நாளில் 50 லட்சம் பிரதிகள் விற்றது. இவர்கள் முதலில் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டுப் பிறகுதான் பணம் கேட்டார்கள்.

டிஎல்சிக்காகவே நான் வாங்கிய கேமைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெருமை. பள்ளி விடுமுறைகளில் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற வரலாற்றுப் போர் கேமை விளையாடி வளர்ந்தவள் நான். 1999-இல் வந்த அந்தக் கேமில் அப்போது நம் பக்கத்தவர் யாருமே கிடையாது. 2013-இல் 'இந்தியர்கள்' என்று ஒரே ஒரு நாகரிகம் (நாம் ஆட எடுக்கும் தரப்பு) வந்தது. ஒட்டகப் படையும் யானை வில்லாளருமாக, வடக்கு தெற்கு எல்லாம் அதற்குள் அடக்கம். 2019-இல் புதுப்பித்த பதிப்பு வந்தபோதும், பழைய நினைவுக்காக மீண்டும் பணம் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற டிஎல்சி வந்து, அந்த ஒற்றை நாகரிகத்தைப் பிரித்து, இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று நான்காக்கியது. திராவிடருக்குக் கோட்டையில் உருமி என்ற சுருள்வாள் வீசும் வீரர்கள், துறைமுகத்தில் திரிசடை என்ற பெரும் போர்க்கப்பல். 'நைட்' என்ற கனத்த குதிரை வீரர் வரிசை இல்லை, பலமெல்லாம் கடலிலும் காலாட்படையிலும்தான். இராசேந்திரனின் பெயரிலேயே ஒரு கதைத்தொடரும் இருந்தது. 1025-ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்பைப் பாடப்புத்தகத்தில் இரண்டே வரியில் படித்து முடித்த எனக்கு, அந்தப் பெயரைக் கேமின் பட்டியலில் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. அடிப்படைக் கேம் இல்லாமல் டிஎல்சி ஓடாது என்பதால் இரண்டையும் சேர்த்தே வாங்கினேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஒரு கேமை எனக்கு மீண்டும் விற்றது அந்த 10 டாலர் டிஎல்சிதான்.

அதில் இன்னொன்றையும் கவனித்தேன். டிஎல்சி வாங்காதவரும் வாங்கியவரோடு இணையத்தில் மோதலாம். புதிய நாகரிகத்தைத் தான் எடுத்து ஆட முடியாது, அவ்வளவே. வரைபடங்களையே டிஎல்சியாக விற்ற துப்பாக்கிச் சண்டை கேம்களில் இப்படி இல்லை. 2015-இன் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்டில் 50 டாலர் சீசன் பாஸ் வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் ஒரு பக்கம் என்று ஆட்டக்காரர்கள் பிரிந்தார்கள். பணம் கட்டியவர்களுக்கே ஆட ஆள் குறைந்தது. 2017-இல் அடுத்த பாகத்தில் சீசன் பாஸை எடுத்துவிட்டு லூட் பாக்ஸ்களை, அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டிகளை, கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு வெடித்ததால் வெளியாவதற்குச் சற்று முன்பு பணப் பரிவர்த்தனையையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. எந்த டிஎல்சியும் வேண்டவே வேண்டாம் என்று சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். என்ன கிடைக்கும் என்று தெரிந்து வாங்கும் டிஎல்சி, என்ன விழும் என்று தெரியாமல் காசு போடும் பெட்டியைவிட எவ்வளவோ நேர்மையானது.

டிஎல்சியின் எண்ணிக்கை மிகுந்துவிட்டால் வேறு விதமாகவும் விற்பனை அடிபடுகிறது. யூரோபா யூனிவர்சாலிஸ் 4 போன்ற வியூக கேம்களின் கடைப் பக்கத்துக்குப் புதிதாகப் போகிறவர், அடிப்படைக் கேமுக்குக் கீழே நீண்டு கிடக்கும் டிஎல்சி பட்டியலையும் அதன் மொத்த விலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அந்தக் கேமுக்கு 2021-இல் மாதச் சந்தா முறை வந்தது. அதை வெளியிட்ட பாரடாக்ஸ் நிறுவனம் க்ருசேடர் கிங்ஸ் 2-இன் அடிப்படைக் கேமை 2019-இல் இலவசமாக்கியது. சிம்ஸ் 4-உம் 2022 அக்டோபரில் இலவசமானது. பட்டியல் அவ்வளவு நீண்ட பிறகு வாசலுக்கும் கட்டணம் வைத்தால் புதியவர் நுழைய மாட்டார் என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சீசன் பாஸ் சேர்ந்த பதிப்பை முதல் நாளில் வாங்காதீர்கள். அதில் என்ன வரப்போகிறது என்பதைப் பெரும்பாலும் அவர்களே அப்போது முழுதாகச் சொல்வதில்லை; கேம் பிடித்துப்போனால் பின்னால் வாங்கிக்கொள்ள யாரும் தடுக்கப்போவதில்லை. அவசரம் இல்லையென்றால் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பொறுத்து, எல்லாம் சேர்ந்த பதிப்பைத் தள்ளுபடியில் எடுங்கள். டிஸ்க்காக எடுப்பதானால், விரிவாக்கங்கள் டிஸ்க்கிலேயே இருக்கின்றனவா, சீட்டாக இருக்கின்றனவா என்று பெட்டியின் பின்பக்கச் சிறு எழுத்தில் பாருங்கள். சீட்டாக இருந்தால், உறை பிரிக்காத பெட்டியை மட்டுமே வாங்குங்கள். முதுகிலுள்ள எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து நம் நாட்டு இணையக் கடையின் எண்ணோடு அங்கேயே நின்று ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த டிஸ்க்கை எடுக்காதீர்கள்.