ஒசைரிஸ் திருவிழாவில் வேஷம் கட்டியது யார்?

கேள்வி: எங்கள் ஊர் பாடைக் காவடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "பழைய எகிப்தில்கூடச் செத்துப் பிழைத்த சாமிக்கு நாடகம் போட்டிருக்கிறார்கள்" என்றான் என் மகன். அது நாடகமா, பூஜையா?
– ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: மகன் சொன்னது சரிதான் அம்மா. அந்தச் சாமியின் பெயர் ஒசைரிஸ். தம்பி செத் அவரைக் கொன்றுவிடுகிறான். மனைவி ஐசிஸ் தேடி அலைந்து உடலைக் கண்டெடுத்து உயிர்ப்பிக்கிறாள். மகன் ஹோரஸ் பகையை முடிக்கிறான். ஒசைரிஸ் செத்தவர்களின் உலகத்துக்கு ராஜா ஆகிறார். அபிதோஸ் என்ற ஊரில் இந்தக் கதைக்குத்தான் திருவிழா.

அதைப் பற்றி நமக்குச் சொல்பவர் இகெர்நோஃப்ரெத் என்ற கருவூல அதிகாரி. மூன்றாம் செனுஸ்ரெத் மன்னர் காலம், அதாவது 3,800 ஆண்டுகளுக்கு முன். சாமி சிலையைப் பொன்னால் புதுப்பித்து விழாவை நடத்திவரச் சொல்லி மன்னர் இவரை அனுப்புகிறார். போய்வந்ததை இவர் கல்லில் வெட்டி வைத்தார். அந்தக் கல் இப்போது பெர்லின் மியூசியத்தில் இருக்கிறது.

அதை மொழிபெயர்ப்பில் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அதிலுள்ள 'நான்'. சாமியின் 'அன்பு மகன்' இடத்தில் நின்றேன் என்கிறார். அப்புறம், சாமி போகும் படகைத் தாக்க வந்தவர்களை நான் விரட்டினேன், கல்லறைக்குப் போகும் வழியை நான் திறந்துவிட்டேன், ஒசைரிஸ் மாண்ட இடமாகச் சொல்லப்படும் நெதித் கரையில் எதிரிகளை நான் வீழ்த்தினேன் என்று அடுக்குகிறார். போரில் ஜெயித்து வந்தவன் மன்னருக்குக் கணக்கு ஒப்பிப்பது மாதிரியே இருக்கிறது.

ஆனால் ஒசைரிஸ் எப்படிக் கொல்லப்பட்டார் என்று ஒரு வரிகூட அந்தக் கல்லில் இல்லை. மற்ற எகிப்திய எழுத்துகளும் அந்த இடத்தைப் பட்டும் படாமலும்தான் கடக்கின்றன. கொலையை விலாவாரியாக எழுதி வைத்தவர் பிற்காலத்துக் கிரேக்கரான புளூட்டார்க். விழாவில் செய்து காட்டியது நிஜமாகவே நடந்துவிடும் என்று நம்பியவர்கள், சாமியின் சாவை மட்டும் எப்படிச் செய்து காட்டுவார்கள்? உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதுதான். பார்ப்பவருக்கு நாடகம், செய்பவருக்கு அது காரியம்.

இதை நான் புத்தகத்துக்கு முன்னால் உங்கள் ஊரில்தான் பார்த்தேன். எனக்குப் பத்து வயது. காய்ச்சலில் பிழைத்த என் சித்தப்பா, நேர்ந்துகொண்டபடி பங்குனி இரண்டாம் ஞாயிறன்று குடமுருட்டியில் குளித்துவிட்டுப் பச்சை மூங்கில் பாடையில் படுத்தார். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். முன்னால் ஒருவர் தீச்சட்டி எடுத்துப் போனார், பறை அடித்தது. சித்தப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சித்திக்கும் தெரியும். இருந்தும் அவர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கோயிலைச் சுற்றி வந்து, பூசாரி தண்ணீர் தெளித்து, சித்தப்பா எழுந்து உட்கார்ந்த பிறகும் அந்த அழுகை நிற்க ரொம்ப நேரமானது.

எகிப்திலும் அழுவதற்கென்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ் சுருளில் அவர்கள் பாட வேண்டிய ஒப்பாரி முழுசாக இருக்கிறது. இருவரும் கன்னிப் பெண்களாக இருக்க வேண்டும். உடம்பின் ரோமத்தை மழித்து, தலையில் பொய்முடி வைத்து, கையில் சிறு பறை பிடிக்க வேண்டும். ஒருத்தி ஐசிஸ், மற்றவள் அவள் தங்கை நெஃப்திஸ். அந்தப் பெயர்களை அவர்களின் கையிலேயே எழுதிவிடுவார்கள்.

கேள்வி: இதெல்லாம் பூசாரிகளுக்கு மட்டும்தானா? ஜனங்கள் பார்த்தார்களா?
– வாசகர், திருவாரூர்

பதில்: கோயிலுக்குள் நடந்ததைப் பார்க்க முடியாது. ஊர்வலத்தைப் பார்க்கலாம். செத்த பிறகும் பார்க்க வேண்டும் என்று அபிதோஸில் சாமி போகும் பாதையை ஒட்டிச் செங்கல்லில் குட்டிக் குட்டி மாடங்கள் கட்டி, தங்கள் பெயர் பொறித்த கல்லை வைத்தார்கள். நம் இகெர்நோஃப்ரெத்தின் கல்லும் அப்படி வைத்ததுதான்.

கேள்வி: முளைப்பாரி எகிப்திலிருந்து வந்தது என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை தம்பி. ஆனால் ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. நைல் வெள்ளக் காலத்தின் கடைசி மாதம் கோயாக். அந்த மாதத்தில் ஒசைரிஸ் உருவத்தில் ஓர் அச்சு செய்து, மணலும் பார்லியும் போட்டு, நாள்தோறும் தண்ணீர் விட்டு முளைக்க வைத்தார்கள். தெந்தெரா கோயில் சுவரில் செய்முறை முழுக்க இருக்கிறது. 1922இல் திறந்த துட்டன்காமன் கல்லறையிலும் ஒசைரிஸ் உருவத்தில் ஒரு மரச்சட்டம், அதில் வண்டல், முளைத்துக் காய்ந்த தானியம்.

நாற்றங்காலில் முளை கட்டிய விதை தெளிக்கிற ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. விதை மண்ணுக்குள் போகிறது, பச்சையாக வெளியே வருகிறது. ஆற்று வண்டலில் பிழைக்கிறவர்கள் இதைச் சாமியோடு சேர்த்துக்கொள்ள யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஒரு வித்தியாசம். இருட்டறையில் வெளிறிய மஞ்சளாய் வளர்ந்த நம் முளைப்பாரி, கும்மி முடிந்ததும் ஆற்றோடு போய்விடும். அவர்கள் அந்த உருவத்தை ஓராண்டு பத்திரமாக வைத்திருந்து, மறு வருஷம் புதியது முளைத்த பிறகே பழையதை அடக்கம் செய்தார்கள்.