ஆர்.எஸ்.வி. தடுப்பூசி: வடிவம் மாறினால் வேலை செய்யாது

கைக்குழந்தைகளுக்கு வீசிங்கும் நிமோனியாவும் வரவழைக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸை 1956-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தடுப்பூசி வர 2023 ஆகிவிட்டதே, ஏன்?

முதல் முயற்சி குழந்தைகளின் உயிரைப் பறித்ததுதான் காரணம். 1966-67இல் அமெரிக்காவில், ஃபார்மலின் என்ற வேதிப்பொருளில் செயலிழக்கச் செய்த வைரஸைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஒரு பரிசோதனையில் ஊசி போட்டுக்கொண்ட 31 குழந்தைகளில் 20 பேருக்குப் பின்னர் ஆர்.எஸ்.வி. தொற்றியது. அதில் 16 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 2 பேர் இறந்தார்கள். ஊசி உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்கியது உண்மை. ஆனால் அது வைரஸைத் தடுக்கும் திறனற்றது. நுரையீரலில் அழற்சியைத்தான் கூட்டியது. அந்தப் பயம் இந்தத் துறையைப் பல பத்தாண்டுகள் கட்டிப்போட்டது, நியாயமான பயம்தான்.

பயோடெக் படிக்கிறேன். இப்போதைய ஊசியில் உள்ள புரதத்தை எப்படித் தயாரிக்கிறார்கள்? எங்கே பிசகும்?

வைரஸ் நம் செல்லோடு ஒட்டி இணைய உதவும் எஃப் புரதம்தான் இலக்கு. இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. செல்லோடு இணையும் முன் உருண்டையாக, குட்டையாக இருக்கும். இணைந்தபின் நீண்டு மெலிந்துவிடும். வைரஸை முடக்கும் வலுவான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் முதல் வடிவத்தின் உச்சியைத்தான் பிடிக்கின்றன. அந்த வடிவமோ சும்மா வைத்தாலே தானாக இரண்டாவதாகப் புரண்டுவிடும், திரும்பி வராது. சிக்கலின் வேர் இதுதான்.

2013இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜேசன் மெக்லெல்லன், பீட்டர் குவாங், பார்னி கிரஹாம் குழுவினர் இதற்குத் தீர்வு கண்டார்கள். புரதச் சங்கிலியில் 155, 290 ஆகிய இடங்களிலிருந்த செரின் என்ற அமினோ அமிலங்களைச் சிஸ்டீனாக மாற்றி, இரண்டுக்கும் இடையே கந்தகப் பிணைப்புப் பூட்டுப் போட்டார்கள். புரதத்துக்குள் இருந்த குழியை நிரப்ப, 190இல் ஃபினைல்அலனினையும் 207இல் லியூசினையும் வைத்தார்கள். சவ்வில் பதியும் வாலை வெட்டிவிட்டு, புரதத்தின் மூன்று இழைகளும் பிரியாமல் இருக்க, பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸிலிருந்து எடுத்த ஃபோல்டான் துண்டை ஒட்டினார்கள்.

மரபணு தயாரானதும் பாலூட்டிச் செல்களில்தான் வளர்க்க வேண்டும். சந்தையிலுள்ள புரத ஊசிகளுக்குச் சீன வெள்ளெலியின் சி.எச்.ஓ. செல்கள். ஈ.கோலை பாக்டீரியாவில் எளிதாகச் செய்துவிடலாம் என்று இறங்காதீர்கள். இந்தப் புரதத்தை ஃபியூரின் நொதி இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும், சர்க்கரைச் சங்கிலிகளும் ஏற வேண்டும். பாக்டீரியாவில் இரண்டும் நடக்காது.

மாணவர்கள் அடிக்கடி ஏமாறுவது தரச் சோதனையில்தான். எதிர்ப்பொருள் ஒட்டுவதை அளவிடும் எலைசா சோதனையில் பாலிவிசுமாப் என்ற எதிர்ப்பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் முடிவு நன்றாகவே வரும், ஏனென்றால் அது இரண்டு வடிவத்தையும் பிடிக்கும். முதல் வடிவத்தின் உச்சியை மட்டும் பிடிக்கும் டி25 என்ற எதிர்ப்பொருளையும் சேர்த்து ஓட்டுங்கள். பாலிவிசுமாப் அளவு அப்படியே இருந்து டி25 குறைந்தால் புரதம் புரண்டுவிட்டது என்று பொருள். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இது தெரியாது, எடை மாறுவதில்லையே! 50, 70 டிகிரியில் ஒரு மணி நேரம், அமில, காரக் கரைசல்கள், பத்து முறை உறைய வைத்து உருக்குதல் என்று ஒவ்வொன்றுக்கும் பிறகு டி25 பிணைப்பை அளவிடுங்கள்.

குழந்தைக்குப் போடாமல் கர்ப்பிணிக்குப் போடுவது ஏன்?

ஆபத்து அதிகம் முதல் ஆறு மாதத்தில். அந்த வயதில் குழந்தை தானே எதிர்ப்பொருள் உண்டாக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே போய்ச் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் அப்ரிஸ்வோ ஊசிக்கு 2023 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது, 32 முதல் 36 வாரக் கர்ப்பத்துக்குள் ஒரே தவணை. வைரஸின் ஏ, பி இரு வகைக்கும் தலா 60 மைக்ரோகிராம் புரதம், எதிர்ப்பைத் தூண்டிவிடும் துணைமருந்து கிடையாது. பிறந்த 90 நாளுக்குள் வரும் கடுமையான நோயை ஏறக்குறைய 82 சதவீதம் தடுத்தது. பிரசவத்துக்கு 14 நாளாவது முன்னால் போட்டால்தான் போதிய அளவு குழந்தைக்குச் சேரும்.

வாரக் கணக்கு வைத்ததற்கும் காரணம் உண்டு. இதேபோன்ற வேறொரு ஊசியின் தாய்மார் பரிசோதனை, குறைமாதப் பிரசவம் கூடியதால் 2022இல் நிறுத்தப்பட்டது. அதனால் அதிகக் குறைமாதத்தில் பிறக்கும் அபாயத்தைத் தவிர்க்க 32 வாரம் வரை பொறுக்கிறார்கள்.

செவிலியராக இருக்கிறேன். அப்ரிஸ்வோ ஊசியைக் கலக்கும்போது கவனிக்க வேண்டியது?

பொடியையும் நீரையும் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறைய விடக் கூடாது. பெட்டியோடு வரும் நீரையே சேர்த்து, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றுங்கள். கலந்ததைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்காமல், அறை வெப்பத்திலேயே நான்கு மணி நேரத்துக்குள் தசையில் போட்டுவிடுங்கள். நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.