பண்டோரா திறந்தது பெட்டியா, தாழியா?

கேள்வி: கிரேக்கப் புராணக் கதைகளைச் சிறுவர்களுக்காகத் தமிழில் எழுதி வருகிறேன். ஒரு நூலில் ‘பண்டோராவின் பெட்டி’ என்றும் இன்னொன்றில் ‘ஜாடி’ என்றும் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? பண்டோரா என்றால் என்ன பொருள்?

பதில்: தாழி என்று எழுதுங்கள்.

தேவர்கள் படைத்த முதல் பெண் பண்டோரா மூடியைத் திறந்ததும், உள்ளே இருந்த துன்பங்கள் எல்லாம் உலகில் பரவின, ஒன்று மட்டும் உள்ளேயே தங்கியது என்பது கதை. இதை முதலில் பாடியவராக நமக்குக் கிடைப்பவர் கி.மு. 700 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஹெசியட். அவர் பயன்படுத்தும் சொல் ‘பித்தோஸ்’. தானியம், எண்ணெய், திராட்சை மது எல்லாம் கொட்டி வைக்கும் பெரிய மண்பாண்டம் அது. கிரீட் தீவின் நாசோஸ் அரண்மனைக்குப் போனால் ஆளுயரத்தில் பார்க்கலாம். இறந்தவர்களை அதில் வைத்துப் புதைத்ததும் உண்டு. நம் தாழியும் இந்த இரண்டு வேலையும் செய்தது. வெண்ணெய் திரளும்போது உடைந்ததும் தாழிதானே!

பெட்டி வந்து சேர்ந்தது டச்சு அறிஞர் எராஸ்மஸால். 1508இல் வெளியான தன் பழமொழித் தொகுப்பில், லத்தீனில் கதையைச் சொல்லும்போது ‘பிக்ஸிஸ்’ என்று எழுதிவிட்டார். பெண்கள் நகையும் மையும் வைத்துக்கொள்ளும் சிமிழ் அது. வீட்டுக் களஞ்சியம் கைக்குள் அடங்கும் சாமானாகிவிட்டது! ‘திறக்காதே’ என்று யாரோ சொன்னதாகவும், ஆவல் தாங்காமல் அவள் திறந்ததாகவும் படிக்கிறோமே, ஹெசியட்டிடம் அந்த இரண்டுமே இல்லை. தாழி எங்கிருந்து வந்தது என்றுகூட அவர் சொல்லவில்லை.

பெயருக்கு வருவோம். ‘பான்’ என்றால் எல்லாம், ‘தோரோன்’ என்றால் கொடை. தேவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கொடை தந்ததால் பண்டோரா என்பது ஹெசியட் தரும் விளக்கம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கிரேக்கக் கிண்ணத்தில் தேவர்கள் அவளை அலங்கரிக்கும் காட்சி வரையப்பட்டு, அவள் பெயர் ‘அனெசிதோரா’ என்றிருக்கிறது: கொடைகளை மேலே அனுப்புபவள். விளைச்சல் தரும் மண்ணுக்குப் பொருந்தும் பெயர். அதனால் ‘எல்லாம் தருபவள்’ என்பதே பழைய பொருள் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. சிறுவர் நூலுக்கு ஹெசியட் விளக்கம் போதும்.

தாழிக்குள் கடைசியில் தங்கிப்போவது ‘எல்பிஸ்’. நல்லதோ கெட்டதோ, வரப்போவதை எதிர்நோக்குவதை அது குறிக்கும். ஆனாலும் கதையில் ‘நம்பிக்கை’ என்றே எழுதுங்கள். ‘எதிர்நோக்கு’ என்றால் குழந்தைகளுக்கு ஒட்டாது.

பத்திரிகை வழக்கில் ‘பண்டோராவின் பெட்டி’ வேரூன்றிவிட்டது, அங்கே அப்படியே இருக்கட்டும். உங்கள் ஓவியரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: மடியில் நகைப்பெட்டி வேண்டாம். பெரிய தாழியின் கனத்த மூடியை இரு கையாலும் தூக்குகிறாள்.