பத்தாயிரம் கட்டினால் சீட் உறுதியா?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. நான் பூத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறேன், வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ, கணக்கு-உயிரியல் குரூப். ஆறாவது முதல் பத்தாவது வரை ஊரிலேயே கள்ளர் பள்ளி, பிளஸ் ஒன்னில் இருந்து உசிலம்பட்டியில் அரசுப் பள்ளி. போன வாரம் ஒரு என்ஜினியரிங் கல்லூரி ஆள் என்று ஒருவர் வந்தார். "கள்ளர் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு வராது, கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது. இப்போதே பத்தாயிரமும் பத்தாவது மார்க் ஷீட்டும் கொடுத்தால் சீட் உறுதி" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவாராம். எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. கட்டலாமா? நாங்கள் என்னவெல்லாம் தயார் செய்து வைக்க வேண்டும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கட்டாதீர்கள். மார்க் ஷீட்டையும் கொடுக்காதீர்கள். ஒருவேளை கொடுத்திருந்தால் நாளைக் காலையே போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள், மீதிக் கடிதத்தை அப்புறம் படிக்கலாம்.

அந்த ஆள் சொன்னதில் பெரிய பொய், கள்ளர் பள்ளியைப் பற்றியது. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுவிட்டு அது ஏதோ சங்கம் நடத்தும் பள்ளி, ஒரு சாதிப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளி என்று நினைத்துக்கொள்வதுண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அரசே நடத்துபவை, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிப்பவை. ஏழரை சதவீதம் என்பது அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு. மருத்துவப் படிப்புக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலியவற்றுக்கு 2021-இலும் வந்த ஒதுக்கீட்டுச் சட்டங்கள் அரசுப் பள்ளி என்று சொல்வதில் மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி ஆகியவற்றோடு கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் சேரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்திருந்தால் போதும். உங்கள் பிள்ளை அப்படித்தான் படித்திருக்கிறாள். அரசு உதவி பெறும் பள்ளி என்று ஒன்று உண்டே, சம்பளம் மட்டும் அரசு கொடுப்பது, அதில் படித்தவர்களுக்குத்தான் இந்த ஏழரை கிடையாது. அவர் இரண்டையும் குழப்பினாரா, வேண்டுமென்றே குழப்பினாரா, எனக்குச் சந்தேகம்தான்.

அதைவிட முக்கியமான ஒன்றை அவர் சொல்லவே இல்லை. ஏழரை சதவீதத்தில் கவுன்சலிங் வழியாகச் சேரும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது, தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும். ஆனால் அந்த ஆள் தருவது கவுன்சலிங் சீட் இல்லை, மேனேஜ்மென்ட் சீட், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடம். அதில் சேர்ந்த மறுநிமிடம் இந்தச் சலுகை போய்விடும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் போய்விடும். பத்தாயிரம் கொடுத்து நாலு வருடச் செலவை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். ஒருத்தி காசு கட்டிப் படிப்பாள், பக்கத்தில் இருப்பவள் கட்டாமல் படிப்பாள்.

சரி, தயாரிப்பு. முப்பது வருடம் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுத்தவன் நான். மார்க் குறைந்து இடம் இழந்த பிள்ளைகளுக்குச் சமமாக, பேப்பர் சரியில்லாமல் இழந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். மார்க்குக்குப் பிள்ளை பொறுப்பு. பேப்பருக்கு நீங்கள் பொறுப்பு. அந்த வேலையை மே மாதத்துக்கு வைக்காமல் இப்போதே, இந்த ஆடியிலேயே தொடங்குங்கள்.

முதலில் பெயர். பத்தாவது மார்க் ஷீட், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் தரையில் பரப்பி வைத்து, பிள்ளையையே ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால். ஒன்றில் அப்பா பெயரே முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிறந்த தேதியில் ஒரு எண் தவறியிருக்கும். மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள், ஏனென்றால் கடைசியில் எல்லோரும் கேட்பது அதைத்தான். வங்கிக் கணக்கு பிள்ளை பெயரிலேயே இருக்கட்டும், ஆதாரோடு இணைத்து வையுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

அடுத்து, படித்ததற்கான சான்று. உங்கள் பிள்ளை இரண்டு பள்ளியில் படித்தவள், ஆகவே இரண்டு தலைமையாசிரியர்களிடமும் வாங்க வேண்டும். எந்த வகுப்பு எந்த வருடம் என்பது தெளிவாக இருக்க வேண்டும், அலுவலக முத்திரை விழுந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் போனால் அங்கே பூட்டுதான் இருக்கும், வாட்ச்மேன் "சார் ஊருக்குப் போயிருக்கார்" என்பார். காலாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போய்வாருங்கள். நேரில் போனால் கள்ளர் பள்ளி பற்றிய சந்தேகத்தையும் அந்தத் தலைமையாசிரியரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். என் வார்த்தையைவிட அவர் வார்த்தை உங்களுக்குத் தெம்பு கொடுக்கும்.

சாதிச் சான்று பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் ஆன்லைன் சான்றாக மாற்றி வாங்கிவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். ஏழரையில் இடம் கிடைத்தால் அது தேவைப்படாது, கிடைக்காமல் பொதுவில் போனால் கை கொடுக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்தச் சலுகை என்பதால் வீட்டில் எல்லோருடைய படிப்பு விவரத்தையும் துருவுவார்கள். உங்கள் டி.சி., வீட்டுக்காரர் டி.சி. எங்கே கிடக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள். விஏஓ, ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று கோப்பு நகரும், ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்ச நாள் தூங்கும். கட்டணம் ஒரு சான்றுக்கு 60 ரூபாய், மேலே கேட்டால் ரசீது கேளுங்கள். வருமானச் சான்றை மட்டும் பங்குனிக்கு மேல் வாங்கினால் போதும், அதற்கு ஆயுள் குறைவு. எட்டாவது முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருப்பதால் இருப்பிடச் சான்றுக்கு அலைய வேண்டாம்.

இனி மார்க். பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், பல பிள்ளைகளுக்கே இது தெரியாது. பொறியியல் கட் ஆஃப் 200-க்கு. கணக்கு மார்க் அப்படியே நூறுக்கு வரும், இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக. கணக்கில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 82 என்றால் 86, 39, 41, ஆக 166. அதாவது கணக்கில் கூடும் ஒரு மார்க், இயற்பியலில் கூடும் இரண்டு மார்க்குக்குச் சமம். சமமான கட் ஆஃப் வந்தாலும் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள். கணக்கு டியூஷனா, இயற்பியல் டியூஷனா, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எதற்கு அனுப்புவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வு மார்ச்சில் முடியும், மே மாதம் ரிசல்ட்டும் விண்ணப்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், என் வகுப்பில் படித்தவன், கட் ஆஃப் 170-க்கு மேல். கடையில் யாரோ ஒருவர் "நானே எல்லாம் போட்டுத் தர்றேன் தம்பி" என்று தன் செல் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தார், பாஸ்வேர்டும் அவரிடமே இருந்தது. கல்லூரிகளை வரிசைப்படுத்தும் நாளில் பையன் போவதற்குள் பட்டியல் பூட்டியாகிவிட்டது. முதலிடத்தில் அவன் கேள்விப்படாத ஒரு கல்லூரி. அந்த ஆளுக்கு அங்கிருந்து கமிஷன். வருடமெல்லாம் மார்க் மார்க் என்று அந்தப் பையனை விரட்டிய நான் பாஸ்வேர்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. பதிவு உங்கள் வீட்டு நம்பரில் இருக்கட்டும். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் கவுன்சலிங் உதவி மையம் மதுரையிலேயே உண்டு.

வரிசைப்படுத்தும்போது கஞ்சத்தனம் வேண்டாம். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அதற்குக் கிடைப்பது மூன்றே நாள். ஆகவே போன வருடக் கட் ஆஃப் பார்த்து, எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று ஒரு நோட்டில் மாசி மாதமே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிடித்ததை மேலே போடுங்கள், கிடைக்கக்கூடியதைக் கீழே. ஒதுக்கீடு வந்தபின் "ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்ற வாய்ப்பும் உண்டு. கிடைத்த இடம் போய்விடுமோ என்று பயந்து அதை விட்டுவிடுகிறார்கள். மேலே கிடைத்தால்தான் கீழே உள்ளது போகும்.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. இப்போதே மார்க் ஷீட் கேட்கிறாரே அந்த ஆள், அது உங்கள் பிள்ளை வேறெங்கும் போகாமல் இருக்கக் கட்டும் மூக்கணாங்கயிறு.

இவ்வளவும் என்ஜினியரிங் பற்றி. கணக்கு-உயிரியல் எடுத்த பிள்ளைக்குக் கதவுகள் அதிகம். ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம், கால்நடைக்குத் தனி. அரசு கலைக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஓர் இணையதளம் இருக்கிறது, கோரிப்பாளையம் மீனாட்சி கல்லூரி அதில் வரும். லேடி டோக், பாத்திமா மாதிரிக் கல்லூரிகளுக்கு அவரவர் விண்ணப்பம், அங்கே அரசு உதவி பெறும் (எய்டட்) வகுப்பா, சுயநிதி வகுப்பா என்று கேட்டு எழுதுங்கள், கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். நீட் எழுதுவதாக இருந்தால் அதற்கான விண்ணப்பம் பொதுத்தேர்வுக்கு முன்பே வந்துவிடும்.

இவ்வளவு எழுதிய பிறகுதான் உறைக்கிறது, உங்கள் கடிதத்தில் அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று எங்குமே இல்லை. என்ஜினியரிங் என்பது அந்த ஆள் சொன்னதா, அவள் சொன்னதா? ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதற்குள் அதை அவளிடம் கேட்டுவிடுங்கள். பதில் எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அதற்கேற்ற விண்ணப்பங்களைப் பற்றி அடுத்த முறை சொல்கிறேன்.