நடையைத் துண்டு போடலாம், எழுத்தைப் போட முடியாது

கேள்வி: எனக்கு வயது 46. திருச்சியில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. வீட்டில் கணவர், பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன், 74 வயது மாமியார். உயரம் 157 செ.மீ., எடை 68 கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையில் (எச்பிஏ1சி) 5.9 வந்தது. 'நடங்க, எடையைக் குறைங்க' என்றார் டாக்டர். எனக்கோ வரும் ஜனவரியில் 10 கி.மீ. ஓட வேண்டும் என்று ஆசை. மாதம் ஒரு ஞாயிறு கூடும் எழுத்தாளர் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். மாதம் ஒரு கதை கொடுக்க வேண்டும், மற்றவர்களின் ஐந்து கதைகளைப் படித்துவிட்டுப் போக வேண்டும். இப்போது ஆண்டு மலர் பொறுப்பையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். எனக்கென்று இருப்பது விடியற்காலை ஒரு மணி நேரம். நடந்தால் எழுத்து போகிறது, எழுதினால் நடை போகிறது. எதை விடட்டும்?

பதில்: எதையும் விட வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பங்கை எழுத்துக்குக் கொடுங்கள். நடையை அங்கிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

காரணம் எளிது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் வந்த வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாக நடந்தாலும் உடம்பு கூட்டிக்கொள்கிறது. கதை அப்படிக் கூட்டிக்கொள்ளாது. நேற்று விட்ட பத்தியைப் படித்து, அந்த ஆளின் குரல் மறுபடி காதில் விழவே கால் மணி நேரம் ஆகும். பன்னிரண்டு நிமிட எழுத்து என்பது பெரும்பாலும் கோப்பைத் திறந்து மூடுவதுதான்.

எனவே நடையை இப்படிப் பிரியுங்கள். அலுவலகம் போகும்போது ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி 12 நிமிடம். மதியம் சாப்பிட்டபின் 12 நிமிடம். இவை வாரம் ஐந்து நாள் என்றால் 120 நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று நாள் 12 நிமிடம் சேர்த்தால் 156. சாப்பிட்ட பிறகு நடக்கும் நடைக்கு உங்களைப் பொறுத்தவரை கூடுதல் மதிப்பு உண்டு. அந்த நேரத்தில் ஏறும் சர்க்கரையை, வேலை செய்யும் தொடைத் தசை அங்கேயே எடுத்துக்கொள்கிறது. வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. செருப்பில் இந்த வேகம் வராது. ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், அலுவலகச் செருப்பு பையில் இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் வராத ஒன்றுதான் எங்களுக்கு நடையைவிட முக்கியமாகத் தெரிகிறது: தசைப் பயிற்சி. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பின் அடர்த்தியும் தசையும் சேர்ந்து கரைகின்றன. நடை இதயத்துக்கு நல்லது. தசையைப் பெருக்க அது மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள், 25 நிமிடம், வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம்.

கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது 10 முறை. முட்டி இரண்டும் உள்பக்கம் சாயக் கூடாது. கால் கட்டைவிரலை அல்ல, நடுவிரல்களை நோக்கி இருக்க வேண்டும். அடுத்து சமையல் மேடையில் கை ஊன்றி, உடம்பைப் பலகைபோல நேராக வைத்துத் தண்டால் 8 முறை. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, கேனை இடுப்புவரை இழுப்பது கைக்குப் பத்து. பாதி நிரம்பிய வாளியை முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னால் தள்ளித் தூக்கி வைப்பது 10. கடைசியாகச் சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்தல் 15. இதை மூன்று சுற்று செய்யுங்கள், சுற்றுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால்தான் எடை சரியான எடை. 12 முறை சுலபமாக வந்துவிட்டால் வாளியில் இன்னொரு செம்பு தண்ணீர். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவது பலரும் செய்யும் தவறு, ரத்த அழுத்தம் சட்டென ஏறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள். முதல் வாரம் ஒரே சுற்று போதும். உற்சாகத்தில் மூன்று சுற்றும் போட்டுவிட்டு, மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியாமல், அதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இந்தத் தசைக்கு மூலப்பொருள் வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவுப்படி கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், உங்கள் எடைக்குச் சுமார் 56 கிராம். பயிற்சி செய்பவருக்கு 65ஐ ஒட்டி இருப்பது நல்லது. நம் வீட்டுச் சாப்பாட்டில் குழம்பும் பொரியலும் சோறும் சேர்ந்தாலும் இது எட்டாது. நீர்த்த சாம்பாரைப் பருப்பு என்று கணக்கில் வைக்காதீர்கள். இரண்டு முட்டை 12 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12 கிராமை ஒட்டி. ஒரு கை வறுத்த வேர்க்கடலை (30 கிராம்) 7. மீன் 100 கிராம் என்றால் 20 பக்கம். முதல் நாள் ராத்திரி கொண்டைக்கடலையை ஊறப்போடுவதை வழக்கமாக்கிவிட்டால் மாலை நாலரை மணிக்கு வடை தேடும் கையை அதுவே நிறுத்தும்.

எடை இலக்கை டாக்டர் எண்ணாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. 68 கிலோவில் 5 முதல் 7 சதவீதம், அதாவது மூன்றரையிலிருந்து நாலேமுக்கால் கிலோ. அதற்கு மேல் இந்த வருடம் ஆசைப்படாதீர்கள். எடைமுள்ளைவிட இடுப்புச் சுற்றளவை நம்புங்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது இலக்கு. இந்தியர்களிடம் நடத்தி 2006இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களிடம் நீரிழிவாக முற்றுவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. 5.9 என்பது எல்லைக்கோட்டு அளவு (5.7 முதல் 6.4 வரை), பயந்து பட்டினி கிடக்கத் தேவையில்லை.

இப்போது எழுந்திருக்கும் நேரம். எழுதும் நாட்கள் செவ்வாய், வியாழன், சனி. அன்றைக்கு 4.45க்கு எழுந்து 5.45 வரை எழுத்து. திங்கள், வெள்ளி 5.15க்கு எழுந்து தசைப் பயிற்சி. புதன் இப்போதைக்குத் தூக்கத்துக்கு. 4.45க்கு எழ வேண்டுமென்றால் முந்தின இரவு 9.45க்கு விளக்கு அணைய வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழும் திட்டம் எதுவும் மூன்று வாரத்தைத் தாண்டியதில்லை. தூக்கம் குறைந்தால் முதலில் பசி கூடும், அப்புறம் கதையில் வாக்கியம் கெடும். சாயங்காலக் காபியை நான்கு மணிக்கு முன்னால் முடியுங்கள். உடம்பில் போன காஃபின் பாதியாகவே ஐந்து மணி நேரம் ஆகும்.

ஆனால் 9.45க்கு விளக்கை அணைக்க யார் விடுவார்கள்? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97. உங்கள் வீடு மட்டும் விதிவிலக்கு என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இங்கே நடக்கும் பிழை, 'கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க' என்று கேட்பது. உதவி என்று கேட்டால், தேங்காய் எங்கே, எத்தனை மிளகாய், எந்த டப்பா என்ற கேள்விகள் எழுதும் அறைக்கு வந்துகொண்டே இருக்கும். உதவியாகக் கேட்காமல், வேலையை முழுதாகக் கைமாற்றுங்கள். செவ்வாய், வியாழன், சனி காலைப் பலகாரம் கணவருடையது. என்ன செய்வது என்று முந்தின நாள் யோசிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை. முதல் இரண்டு வாரம் சட்னி சுமாராகத்தான் இருக்கும். அப்போது வாயைத் திறக்காமல் இருப்பது உங்கள் பங்கு. பையன் எட்டாவது படிக்கிறான், இரவு மேடை துடைத்துக் குப்பை வெளியே வைக்கும் வயதுதான். மாமியாரிடம் முதலிலேயே நேரில் சொல்லிவிடுங்கள். மற்றவர் வாயால் கேட்டால்தான் 'எழுதறாளாம்' என்ற தொனி வரும்.

இரவு 12 நிமிட நடைக்கு மகளைக் கூட்டிப் போங்கள். படிப்புக்கு நடுவே அவளுக்கும் அது தேவை. போகும்போது மார்க் பேச்சு எடுக்காதீர்கள், இரண்டாம் நாளே வரமாட்டாள்.

குழுவின் சுமையை யாரும் மணிக்கணக்கில் போட்டுப் பார்ப்பதில்லை. வாரம் மூன்று மணி, மாதம் 12 மணி உங்கள் எழுத்து நேரம். மணிக்கு 250 சொல் என்று வைத்தால் முதல் இரண்டு வாரத்தில் 1500 சொல்லில் ஒரு கரடு முரடான முழுக்கதை நிற்கும். மூன்றாம் வாரம் அதைத் தொடாமல் அந்த மூன்று மணியில் மற்றவர்களின் ஐந்து கதைகளைப் படியுங்கள். ஒரு கதைக்கு 35 நிமிடம்: முதல் வாசிப்பு பேனா இல்லாமல், இரண்டாவது பேனாவோடு, ஓரத்தில் மூன்றே குறிப்பு. நான்காம் வாரம் உங்கள் கதையைத் திருத்த. ஒரு வாரம் ஆறிய கதையில்தான் தேவையில்லாத பத்தி கண்ணில் படும். ஒவ்வொரு நாளும் காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்தி, அடுத்து வரும் வரியின் பாதியை எழுதி வையுங்கள். மறுநாள் அந்தக் கால் மணி நேரம் மிச்சம். குழுவின் வாட்ஸப்பை எழுதும் நேரத்தில் திறக்காதீர்கள் என்று சொல்வது அறிவுரையாகத் தோன்றும், ஆனால் அதுதான் உண்மையான திருடன்.

ஆண்டு மலர் வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: இருபது கதை, சராசரி 2000 சொல் என்றால் 40,000 சொல். மெய்ப்பு பார்க்க (அச்சுப் பிழை திருத்த) மணிக்கு 2500 சொல் என்றாலும் ஒரு சுற்றுக்கு 16 மணி, இரண்டு சுற்றுக்கு 32. உங்கள் மூன்று மாத எழுத்து நேரம் 36 மணிதான். கதை தராதவர்களைத் துரத்துவது, பக்க வடிவமைப்பு, அச்சகம், நன்கொடை எல்லாம் இதற்கு வெளியே. நேராக மறுத்தால் மனம் கோணுவார்கள் என்றால், 'ஐந்து கதைக்கு மெய்ப்பு பார்த்துத் தருகிறேன், டிசம்பருக்குள் தந்தால் போதும்' என்று அளவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் முடியும். ஜனவரி முதல் மார்ச் வரை மகளின் தேர்வுக் காலம், அப்போது எதுவும் புதிதாக ஏற்காதீர்கள்.

ஓட்டத்துக்கு வருவோம். ஜனவரியில் 10 வேண்டாம், 5 கி.மீ. போதும். மூச்சு இரண்டு மாதத்தில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்கள் அவ்வளவு சீக்கிரம் பழகா, காயம் அங்கேதான் வரும். ஆடியில் நடையும் தசைப் பயிற்சியும் தொடங்கினால் அக்டோபரில் புதனும் குழு இல்லாத ஞாயிறும் ஓடலாம்: ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால், அது பாதத்தின் அடித்தசைநார் தரும் எச்சரிக்கை. இரண்டு வாரம் நடைக்குத் திரும்புங்கள்.

தீபாவளி வாரம், காய்ச்சல் வாரம், உதிரப்போக்கு அதிகமான வாரம் என்று வரும். அதற்கென்று ஒரு குறைந்த அளவு இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சுற்றுத் தசைப் பயிற்சி, மூன்று பத்து நிமிட நடை, அரை மணி எழுத்து. காய்ச்சலுக்குப் பின் பாதி எடையில் தொடங்குங்கள்.

தொடங்கும் முன் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மேலே சொன்ன எல்லாமே தண்டனையாகத் தோன்றும், சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்வீர்கள். இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவரானால் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உழைக்கும்போது நெஞ்சு, தாடை, மேல்முதுகில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அன்றே டாக்டர். மாதவிடாய் நின்று 12 மாதம் கழித்து ரத்தம் பட்டாலும் அப்படியே.

மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையை நடுவில் ஆவலில் எடுக்காதீர்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், ஆறு வாரத்தில் எடுத்தால் பழைய கணக்கும் கலந்தே வரும். ஆடியில் தொடங்கினால் ஐப்பசி பிறந்த பிறகு எடுங்கள், அன்றைக்கே இடுப்பையும் நாடாவால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள்.